மேடையில் ஒலிக்கும் பெயர்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



நேற்றும் இன்றும் இந்த மேடையில் அறிஞர் பலர் உரையாற்றினார்கள். கல்வி உரிமை பற்றியும், இட ஒதுக்கீட்டின் வரலாறு பற்றியும், அரசுப் பணித் தேர்வுகள் பற்றியும் விரிவாகக் கேட்டோம். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘பட்டமளிப்பு நாளில் பட்டதாரியின் கடமை’ என்பதாகும். கடமைகள் பல உண்டு. அவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி உங்களை வருத்த நான் விரும்பவில்லை. அவற்றுள் மிகச் சிறியது என்று எல்லாரும் எண்ணக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேச அனுமதி வேண்டுகிறேன். மேடையில் உங்கள் பெயரை வாசிக்கப் போகிறவர் அதனைப் பிழையின்றி வாசிக்க உதவுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. “இதற்கொரு சொற்பொழிவா?” என்று முன் வரிசை இளைஞர் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். என் கதையைக் கேட்டபின் சிரியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

1979ஆம் ஆண்டு நான் பி.ஏ. பட்டம் பெற்றேன். என் தந்தையார் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். தாயார் நாற்று நடவும் களையெடுப்புமாக வாழ்ந்தவர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் சேரியில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்தான். விழாவன்று தந்தையார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். தாயார் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில், தூண் ஓரமாக, இருவருக்கும் இடம் கிடைத்தது.

பட்டம் பெறுவோர் அனைவரும் ஒரே கறுப்பு அங்கி அணிந்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாரும் ஒன்றுபோலவே தோன்றியிருப்போம். ஒலிபெருக்கியில் வரும் பெயரைக் கொண்டுதான் ‘இவன் என் மகன்’ என்று தெரிந்துகொள்ள முடியும். என் பெயரின் நடுவில் ஒரு ழகரம் உண்டு. தலைவர் அவர்கள் சற்று முன்னர் என்னை அழைத்தபோது அதனை அழகாகவே ஒலித்தார்கள். ஆகையால் நான் மீண்டும் சொல்லவில்லை. எங்கள் பள்ளி எழுத்தர் அந்த ழகரத்திற்கு ஆங்கிலத்தில் ‘இசட் எச்’ என்று எழுதிவைத்திருந்தார். அன்று பட்டியலை வாசித்தவரோ தமிழ் அறியாதவர். அவர் ழகரத்தை ஜகரமாக்கினார், நெடிலைக் குறிலாக்கினார், தந்தையார் பெயரின் முதலெழுத்தை என் பெயரோடு ஒட்டவைத்தார். அதுவரை உலகில் எவருக்கும் இல்லாத புதுப்பெயர் ஒன்று பிறந்தது. எனக்கு முன்னால் நின்றவர் மேடையேறி இறங்கிவிட்டதால், அடுத்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்து ஏறினேன். பட்டத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கினேன்.

நாட்டுப்பண் முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெற்றோரிடம் ஓடினேன். தாயார் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: “ஏங் கண்ணு, ஒன்ன எப்பக் கூப்புடுவாங்க?”

“கூப்பிட்டாயிற்றே அம்மா” என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “நான் காத அங்கயே வச்சிருந்தேனே” என்று இரண்டு முறை சொன்னார். தந்தையார் அவரைத் தேற்றுவதற்காக, “எனக்குக் கேட்டுச்சு” என்றார். அது பொய் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

நண்பர்களே, மேடையில் பெயரை உரக்க வாசிப்பது யாருக்காக? பட்டம் பெறுபவனுக்குத் தன் பெயர் தெரியும். பட்டம் வழங்குபவருக்கோ அந்தப் பெயரால் ஆவதொன்றுமில்லை. அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். கேட்க வந்தவர்களுக்காகவே அது வாசிக்கப்படுகிறது. எழுத்தறிந்த வீட்டில் சான்றிதழை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் படித்து மகிழ்வார்கள். எழுத்தறியாத தாய்க்கு அது கறுப்பு மை பூசிய தாள். ஒலிபெருக்கியில் வருகின்ற அந்த நான்கைந்து நொடி ஒலிதான் அவளுக்கு வழங்கப்படும் பட்டம். என் தாயார் அதனைப் பெறாமலே ஊர் திரும்பினார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினோம். அவர் இறக்கும் வரையில் நாள் தவறாமல் அதனைத் துடைத்தார். ஆனால் அந்த விழாவைப் பற்றி யாரிடமும் அவர் பேசிக் கேட்டதில்லை.

இது எல்லாச் சமுதாயத்தாருக்கும் நேரக்கூடியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நேரக்கூடியதுதான். ஆயினும் நம்முடைய நிலையில் இதற்கு வேறொரு கனம் உண்டு. நான் படித்த பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை ஓர் ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று, “உபகாரச் சம்பளப் பையன்கள் எழுந்து வாருங்கள்” என்று அழைப்பார். நாங்கள் ஏழு பேர் எழுந்து போவோம். மற்றவர்களுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்ததுபோலவே எங்களுக்கும் இருந்தது. ஆனால் அவருக்கு நாங்கள் ஒரு கும்பல். எங்கள் ஊரிலோ, அறுபது வயதான என் பாட்டனாரை ஆறு வயதுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுவான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு “வந்தேன் சாமி” என்பார். கும்பலாக அழைக்கப்பட்டோம், இல்லையேல் இழிவாக அழைக்கப்பட்டோம். நம் பெயரை முழுமையாக, தனியாக, ஒரு பெரிய சபை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க, மதிப்போடு ஒருவர் அழைப்பது நம்மில் பலருக்கு வாழ்நாளில் முதன்முறையாக நிகழ்வது அந்த மேடையில்தான்.

பெயர் என்பது அற்பச் செய்தி என்று சாதியமைப்பை வகுத்தவர்கள் கருதவில்லை. மனுநூலின் இரண்டாம் அத்தியாயத்தில் யார் யாருக்கு எத்தகைய பெயரிட வேண்டும் என்பதற்கே விதி இருக்கிறது. பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர் வேண்டுமாம். சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பெயர் வேண்டுமாம். நாம் அந்த நான்குக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்நூல் எரிக்கப்பட்டதன் பொருளை நம் இளைஞர்கள் இந்த இடத்திலிருந்தும் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் இடைச்செய்தி. குப்பன், குப்பம்மாள், பிச்சை என்ற பெயருடைய மாணவர் சிலர் மேடையில் அதனை வாசிக்க வேண்டாமென்றும், முதலெழுத்தை மட்டும் சொன்னால் போதுமென்றும் கேட்டுக்கொண்டதை நான் அறிவேன். அவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். முன் பிறந்த குழந்தைகள் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அப்பெயரையே இட்டு, சாவின் கண்ணில் படாமல் மறைத்து வளர்த்தார்கள் நம் முன்னோர். இது பல சாதியாரிடத்தும் இருந்த வழக்கம். அந்தப் பெயர் எவரும் உங்கள் மீது எறிந்த வசையன்று. பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று ஒரு தாய் பட்ட பாடு அது. அப்படியும் உங்களுக்கு வேறு பெயர் வேண்டுமென்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். அரசிதழில் வெளியிட்டு முறைப்படி மாற்றச் சட்டம் இடமளிக்கிறது. கடைசிப் பருவத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதனை முடித்துவிட வேண்டும். பட்டம் அச்சாகிவிட்டால் தொல்லை மிகும். அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரை அவர் விரும்பி ஏற்றார். இரட்டைமலை சீனிவாசனாரோ, பிறர் வசையாக வீசிய சாதிப்பெயரையே 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குத் தலைப்பாக்கினார். ஒருவர் மாற்றினார், ஒருவர் எடுத்து உயர்த்தினார். தம்மை எப்படி அழைக்க வேண்டுமென்பதை இருவரும் பிறர் கையில் விடவில்லை. மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். விழுங்கி மறைப்பது மட்டும் வேண்டாம்.

இனி, வாசிப்பவர் பக்கத்தைப் பார்ப்போம். அந்தப் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். கல்லூரி ஆசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு நாளில் பெயர் வாசிக்கும் பொறுப்பு எனக்கிருந்தது. பல்கலைக்கழக விழாவில் பெரும்பாலும் பதக்கம் பெறுவோரும் முனைவர் பட்டம் பெறுவோரும்தான் தனித்தனியே அழைக்கப்படுவர். மற்றவர் வராமலே பட்டம் பெற்றவர்களாகக் கணக்கில் சேர்வர். ஆகவே நம் பிள்ளைகளில் மிகப் பலருக்குக் கல்லூரி விழாதான் விழா. நானூறு பெயர் இருக்கும். ஒரு பெயருக்கு ஐந்து நொடி என்றாலும் முப்பத்து மூன்று நிமிடம் ஆகிவிடும். தலைமை விருந்தினருக்கு இரயிலைப் பிடிக்க வேண்டும். பட்டியல் முதல் நாள் இரவுதான் கைக்கு வரும். அதுவும் கணினியிலிருந்து ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். வாசிப்பவர் பெரும்பாலும் உங்களை அவமதிக்க எண்ணுவதில்லை. அவருக்கு வழி தெரிவதில்லை. ஒரு மாணவியின் பெயர் ‘தேன்’ என்று தொடங்கும். நான் ‘தென்’ என்று வாசித்துவிட்டேன். விழா முடிந்ததும் அவள் தந்தை, செங்கல் சூளைத் தொழிலாளி, என்னிடம் வந்தார். கைகட்டி நின்றுகொண்டு, “ஐயா, தேன்னு ஆசையா வெச்ச பேருங்க” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1979இல் என் தாயாருக்கு நேர்ந்ததை நானே இன்னொருவருக்குச் செய்துவிட்டேனே என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒத்திகை நாளன்றே ஒவ்வொரு மாணவரையும் தம் பெயரைத் தாமே சொல்லச் செய்து, பட்டியலின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

தமிழர் பெயரைத் தமிழர் ஒருவர் தமிழர் சபையில் வாசிக்கிறார். ஆனால் ஆங்கில எழுத்தின் வழியாக வாசிக்கிறார். நம் ஊர்ப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான். கலா, காலா, களா ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்தால்தான் எழுதுகிறோம். வள்ளிக்கும் வல்லிக்கும் வேறுபாடில்லை. குறில் நெடில் தெரியாது. மூன்று னகரமும் ஒன்று. இரண்டு ரகரமும் ஒன்று. ழகரத்தைச் சிலர் ‘எல்’ என்றும் சிலர் ‘இசட் எச்’ என்றும் எழுதுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்றும் தம்பிக்கு ஒன்றும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிக்கு இசைய ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிக் குறைகள் எழவே சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. அரசாங்கத்துக்கே எளிதாக இல்லாத வேலை பள்ளி எழுத்தருக்கு எப்படி எளிதாகும்?

ஆகவே தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் பெறுவோர் செய்ய வேண்டியது எளியது. உங்கள் பெயரைத் தெளிவான தமிழெழுத்தில், பெரிதாக, ஒரு சிறு அட்டையில் எழுதுங்கள். முதலெழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும், முன்னே சொல்ல வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே துறைத் தலைவரையோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையோ அணுகி, வாசிப்பவர் யாரென்று கேளுங்கள். அவரை நேரில் பாருங்கள். “ஐயா, என் பெயரை இப்படிச் சொல்ல வேண்டும்” என்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிக் காட்டி, அவரையும் ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். நம்மிற் பலர் முதற்பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதிக்கு வெட்கப்பட்டு வந்துவிடுகிறார்கள். அவர் வாய் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பழகினால்தான் மேடையில் தானாக வரும். நீங்களும் உங்கள் பெயரை அவசர அவசரமாக மென்று சொல்லக்கூடாது. தன் பெயரைத் தானே பாதி விழுங்கிச் சொல்பவன், மற்றவரைக் குறைகூற இடமில்லை. பீமாராவ், புத்தமித்திரன் என்று பெயருடையவர்கள் தமிழெழுத்தோடு நின்றுவிடாமல் வாயாலும் சொல்லிக் காட்டுங்கள்; நம் பகர எழுத்து வல்லொலி எது மெல்லொலி எது என்று காட்டுவதில்லை.

வடநாட்டாசிரியர் வாசிக்கும் நிறுவனங்களில் படிப்போருக்கு வேறொரு சிக்கல். லதா, கீதா, சுஜாதா என்ற பெயர்களில் வரும் தகரத்திற்கு நாம் ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்த்து எழுதுகிறோம். அவர்கள் ‘எச்’ இல்லாமலே எழுதுவார்கள். ‘எச்’ இருந்தால் மூச்சை அழுத்தி வெளியேற்றி ஒலிப்பார்கள். இது அறியாமையன்று, வழக்க வேறுபாடு. முன்னதாகச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

இன்று நம் பிள்ளைகள் கடல் கடந்தும் படிக்கச் செல்கிறார்கள். நடுவணரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும், தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வழங்கும் அயலக உயர்கல்வி உதவியும் அதற்கு வழி செய்கின்றன. அங்கே பட்டமளிப்பு விழா என்பது குடும்பத் திருவிழா. ஒவ்வொருவர் பெயரும் வாசிக்கப்படும். பல இடங்களில் பெயரின் ஒலியைக் குறித்த அட்டையொன்றை மாணவர் கையில் கொடுத்து, மேடைப் படியருகே வாசிப்பவரிடம் நீட்டச் செய்வார்கள். சில இடங்களில் உங்கள் குரலிலேயே பெயரைப் பதிவு செய்து முன்னதாக அனுப்பச் சொல்வார்கள். கணினிக் குரலே வாசிக்கும் ஏற்பாடும் சில இடங்களில் வந்துவிட்டது. பதிவு செய்ய வாய்ப்பிருந்தால் அதனைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எழுத்து எவ்வளவு விளக்கினாலும் காதுக்கு ஈடில்லை.

அட்டையில் எழுத நேர்ந்தால், இலக்கண நூலின் குறியீடுகளை எழுதாதீர்கள். வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லைக் கொண்டு காட்டுங்கள். ‘மணி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் கண்ட வெள்ளையர் ‘மேனி’ என்றும் ‘மானி’ என்றும் தடுமாறுவர். பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப்போல என்று எழுதிக் கொடுத்தால் ஏறத்தாழச் சரியாகவே சொல்லிவிடுவர். (பணமில்லாத மணிகளுக்கும் இது பொருந்தும்.) ழகரத்துக்கு ‘இசட் எச்’ என்று எழுதினால் அவர்கள் நாவில் வேறோர் ஒலி வரும். அமெரிக்கர் தம் ரகரத்தை நாவை உள்ளே வளைத்து ஒலிப்பது நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே வாசிப்புக் குறிப்பில் ‘ஆர்’ என்று எழுதுவதே பயன் தரும். சான்றிதழில் இருக்கும் எழுத்து வேறு, வாசிப்பதற்கான குறிப்பு வேறு என்பதை மறவாதீர்கள்.

எழுதிய குறிப்பை உங்கள் பெயரை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். 2024 மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், செவிலியர் பட்டம் பெற்றவர்களின் பெயர்களை வாசித்த அம்மையார் அடுத்தடுத்துத் தடுமாறினார். உலகமறிந்த ‘தாமஸ்’ என்னும் பெயரே அடையாளம் தெரியாமல் சிதைந்தது. அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அட்டைகளில் ஒலிக்குறிப்புகள் இடப்பட்டிருந்த முறையே தடுமாற்றத்துக்குக் காரணமென்று விளக்கமும் தந்தது. உதவி செய்ய எழுதிய குறிப்பே வாசிப்பவர் காலை இடறிவிட்டது. பழகாத ஒருவர் வாயில் சரியாக வந்தால்தான் உங்கள் குறிப்பு குறிப்பு.

வெளிநாட்டில் மற்றொரு குழப்பமும் நேரும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் அதனை விரித்து எழுதும்போது தந்தையின் பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். ஆண்டு முழுவதும் பேராசிரியர்கள் உங்களை அப்பா பெயர் சொல்லி அழைப்பார்கள். மேடையில் இரண்டு பெயரும் சேர்ந்து ஒலிக்கும். சிலர் இதனால் மனம் சலிக்கிறார்கள். என் கருத்து வேறு. சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற ஒருவரின் பெயர் அயல்நாட்டு மண்டபத்தில் ஒலிபெருக்கி வழியே கேட்கட்டுமே! தாய் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து எழுதுவோர் அதையும் விரித்துக் கொடுங்கள். எது முன், எது பின் என்பதை மட்டும் விண்ணப்பத்திலேயே உறுதி செய்துவிடுங்கள்.

பிறர் நம் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் நாம் பிறர் பெயரை எப்படிச் சொல்கிறோம்? நம் தலைவரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். கொங்கணக் கடற்கரையை ஒட்டிய இரத்தினகிரி மாவட்டத்தில் அவர் முன்னோரின் ஊர் ஆம்படவே. அவ்வூர்ப் பெயரிலிருந்து வந்ததே அவருடைய பெயர். மராத்தியில் அதன் முதலெழுத்து நெடில். நடுவில் வருவது தகரமன்று, டகரம். ‘ஆம்பேட்கர்’ என்பதே அவர் தாய்மொழியில் அப்பெயரின் ஒலி. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. நாம் ஆங்கிலம் வழியாக அவரைப் பெற்றோம். எனவே ‘அம்பேத்கர்’ என்றோம். இத்தனை ஆண்டு நம் வீட்டுச் சுவரிலும் நாவிலும் ஊறிவிட்ட அந்த அன்புப் பெயரை மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அப்படியே சொல்லுவேன், சற்று முன்னரும் சொன்னேன். ஆனால் 1952இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அழைத்துச் சிறப்புப் பட்டம் வழங்கிய அப்பேரறிஞரின் பெயரை அவர் தாய் எப்படி ஒலித்திருப்பாள் என்பதையாவது நாம் அறிந்திருக்க வேண்டாமா? நம் கல்லூரிகளில் இன்று மணிப்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “உன் பெயர் வாயில் நுழையவில்லை” என்று சொல்லி அவர்களுக்குச் செல்லப்பெயர் சூட்டுவதை நம் மாணவர்கள் செய்யலாகாது. நமக்குச் செய்யப்பட்டதை நாம் இன்னொருவருக்குச் செய்வதாகும்.

கடைசியாக, நம்மிடமுள்ள ஒரு பழக்கம் பற்றி. யாராவது நம் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டு, “சரிதானே?” என்று கேட்டால், நாம் உடனே “பரவாயில்லைங்க” என்கிறோம். அதைப் பணிவு என்று எண்ணுகிறோம். நான் அப்படி எண்ணவில்லை. என் பாட்டனாரின் “வந்தேன் சாமி” அதில் இன்னும் ஒலிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எப்படிக் கூப்பிட்டாலும் போய் நின்ற தலைமுறைகளின் தழும்பு அது. சண்டையிட வேண்டியதில்லை; முகம் சுளிக்க வேண்டியதில்லை. முதல்முறை புன்னகையோடு திருத்துங்கள். மறந்துவிட்டால் இரண்டாம் முறையும் அதே புன்னகையோடு திருத்துங்கள். மூன்றாம் முறை எழுதிக் கொடுங்கள். ஒருவேளை மேடையிலேயே தவறாக வாசித்துவிட்டால் அங்கே நின்று வாதாட வேண்டாம். பின்னால் வரிசை காத்திருக்கிறது. பட்டத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடங்கள். விழா முடிந்தபின் வாசித்தவரைத் தேடிச் சென்று சொல்லுங்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த அந்தப் பெரியவர் என்னிடம் சொல்லாதிருந்தால், மீதமிருந்த ஆண்டுகளிலும் நான் அப்படியே வாசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் அவர்கள் மணியடித்துவிட்டார்கள். இந்த ஆண்டு பட்டம் பெறவிருக்கும் மாணவ மாணவியர் நம் விடுதியில் இருக்கிறீர்கள். மதிய உணவுக்குப் பின் நூலகத் தாழ்வாரத்தில் நான் அமர்ந்திருப்பேன். அலுவலகத்தில் வெள்ளை அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களை முன்பின் அறியாதவன் நான். நானே வாசித்துப் பார்க்கிறேன். தாயோ பாட்டியோ இன்று இங்கே வந்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவர்களை நிறுத்திவிட்டு, இந்தக் கோடியிலிருந்து நான் வாசிக்கிறேன். அவர்கள் கையுயர்த்தும் வரையில் அட்டையைத் திருத்துவோம்.